ஒகேனக்கல்லுக்குக் கூட்டமில்லாத நாளில் போங்கள்

ஆடிப்பெருக்கிலும் பொங்கல் விடுமுறையிலும் போய் நெரிசலில் நிற்காதீர்கள். பிப்ரவரி, மார்ச்சில் ஒரு வேலைநாளைத் தேர்ந்தெடுங்கள், பரிசலுக்குக் காத்திருக்கும் நேரம் குறையும். அப்போது தண்ணீர் குறைந்திருக்கும் அருவியில் என்ன பார்ப்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஜூலை, ஆகஸ்டில் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகள் நிரம்பி உபரிநீர் திறக்கப்பட்டால் பரிசலுக்கும் குளியலுக்கும் மாவட்ட நிர்வாகம் தடை விதித்துவிடும்; ஐந்தருவியே வெள்ளத்தில் மூழ்கிவிடும். நீர் வடிந்த மாதங்களில்தான் பாறைச் சுவர்களுக்கு நடுவே பரிசலில் நிதானமாகப் போக முடிகிறது. எந்த மாதமானாலும், கிளம்பும் முன் பிலிகுண்டுலுவில் எத்தனை கன அடி வருகிறது என்று செய்தியில் பாருங்கள். தமிழகத்துக்கு வரும் காவிரி நீர் அங்குதான் அளக்கப்படுகிறது.

நீர் குறைந்தால் ஆபத்தும் குறையும் என்று மட்டும் நினைக்காதீர்கள். அமைதியாகத் தெரியும் இடத்திலும் ஆழமான மடு இருக்கும். அனுமதித்த இடத்தில் மட்டும் குளியுங்கள், பரிசலில் உயிர்காப்பு உடையைக் கழற்றாதீர்கள். பென்னாகரம் தாண்டினால் காட்டுச் சாலை. இருட்டுமுன் திரும்பிவிடுங்கள், வறண்ட மாதங்களில் யானைகள் தண்ணீர் தேடிச் சாலையைக் கடக்கும். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளைச் சேர்த்து 2022-இல் காவேரி தெற்கு வனஉயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது, இந்த யானைகளுக்காகவும்தான். வழியில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். காய்ந்த சருகில் ஒரு பீடித் துண்டு போதும், காடு பற்றிக்கொள்ளும். தயவுசெய்து அங்கே நெருப்பே வேண்டாம்.