சீட்டைத் திருப்பிப் பாருங்கள்

ஊரில் ஓட்டுப் போடுவது அரை நிமிட வேலை. விரலில் மை, சின்னத்துக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான், ‘பீப்’ என்று ஒரு சத்தம், வெளியே வந்துவிடலாம். கலிஃபோர்னியாவில் குடியுரிமை வாங்கிய பிறகு முதல் வாக்குச்சீட்டு தபாலில் வந்தது. அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்துவிட்டு நானும் என் கணவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். முன்னும் பின்னும் அச்சடித்த நீளத் தாள்கள். தண்ணீர் வாரியத்துக்கு ஓர் ஆள், பள்ளி வாரியத்துக்கு மூன்று பேர், யாரென்றே தெரியாத நீதிபதிகள், கடைசியில் ‘மெஷர்’ என்ற தலைப்பில் வரிசையாகக் கேள்விகள். மேலே இருந்த பெரிய பதவிகளை மட்டும் நிரப்பிவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிட்டோம். அடுத்த ஆண்டு சொத்து வரிச் சீட்டு வந்தது. நாங்கள் படிக்காமல் விட்ட வரிகளெல்லாம் வரியாகவே திரும்பி வந்திருந்தன.

அதன் பிறகு சேர்த்துவைத்த குறிப்புகள் இவை. நான் இருப்பது சான்டா கிளாரா கவுண்டி. வேறு மாநிலத்தில் இருப்பவர்களுக்கு விதிகள் மாறும். டெக்ஸஸில் ‘கவுண்டி ஜட்ஜ்’ என்பவர் அந்தக் கவுண்டி நிர்வாகத்துக்கே தலைவர். பெயரில் ஜட்ஜ் இருக்கிறதே என்று சட்டப் படிப்பை வைத்து அவரை எடை போட்டால் ஏமாந்துபோவீர்கள்.

1. முதலில் ஓர் எச்சரிக்கை. ஓட்டு குடிமக்களுக்கு மட்டும். கிரீன் கார்டு, ஹெச்-1பி வைத்திருப்பவர்கள் வாகன உரிம அலுவலகத்தில் படிவம் நிரப்பும்போது வாக்காளர் பதிவுக் கட்டத்தைக் கவனமாகப் பாருங்கள். தெரியாமல் பதிந்து, சீட்டு வந்ததே என்று ஓட்டும் போட்டுவிட்டால், குடியுரிமை கிடைக்காமல் போவதில் தொடங்கி நாடு கடத்தப்படுவது வரை போகலாம். தவறாகச் சீட்டு வந்தால் நிரப்பாதீர்கள். தேர்தல் அலுவலகத்துக்குச் சொல்லிப் பெயரை நீக்கச் சொல்லுங்கள்.

2. கவுண்டி என்பதை நம் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். கலிஃபோர்னியாவில் 58 இருக்கின்றன. ஆனால் நம் ஊர் கலெக்டர் போல மேலிடம் அனுப்பிவைக்கும் ஓர் அதிகாரி இங்கே இல்லை. எங்கள் கவுண்டியை ஆள்வது தேர்ந்தெடுக்கப்பட்ட 5 சூப்பர்வைசர்கள், ஆளுக்கொரு தொகுதி, பதவிக்காலம் 4 ஆண்டுகள். பொது மருத்துவமனை, சிறை, ஏழைகளுக்கான உதவித்தொகை எல்லாம் இவர்கள் போடும் பட்ஜெட்டில் ஓடுகின்றன. கலெக்டர் என்ற சொல் இங்கே ‘டாக்ஸ் கலெக்டர்’ என்பதோடு நின்றுவிட்டது. வெள்ளைக்காரன் நம் ஊரில் கலெக்டரை வைத்ததும் முதலில் வரி வசூலிக்கத்தானே!

3. ஷெரிஃப், டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி, அசெஸர் ஆகிய மூன்று பேரையும் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். ஷெரிஃப் கவுண்டிச் சிறையை நடத்துகிறார், நகர எல்லைக்கு வெளியே காவலும் அவர் பொறுப்பு. கூப்பர்ட்டினோ, சாரடோகா போன்ற ஊர்களுக்குச் சொந்தப் போலீஸ் கிடையாது, ஷெரிஃப் துறையோடு ஒப்பந்தம்தான். ஆகவே அங்கே வீடு வைத்திருக்கிற நம் ஆட்களுக்கு இந்தப் பெயர் முக்கியம். டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி, யார்மீது என்ன வழக்குப் போடுவது என்று முடிவு செய்கிற அரசு வழக்கறிஞர். அசெஸர் உங்கள் வீட்டுக்கு வரி மதிப்புப் போடுகிறவர். வரி விகிதத்தை அவர் தீர்மானிப்பதில்லை. “நான் வந்தால் வரியைக் குறைப்பேன்” என்று அசெஸர் வேட்பாளர் சொன்னால் சிரித்துக்கொண்டே அடுத்த பெயருக்குப் போங்கள்.

பெரும்பாலான கவுண்டிகளில் 2022இல் ஜெயித்த ஷெரிஃபுக்கும் அட்டர்னிக்கும் 4 ஆண்டுக்குப் பதில் 6 ஆண்டு கிடைத்தது. அந்தத் தேர்தலை அதிபர் தேர்தல் ஆண்டுக்கு மாற்றிச் சட்டம் வந்ததுதான் காரணம். அடுத்த முறை 2028.

4. உள்ளூர்ப் பதவிகளுக்குக் கட்சிப் பெயரும் கிடையாது, சின்னமும் கிடையாது. பெயருக்குக் கீழே தொழிலைச் சொல்லும் சில சொற்கள் மட்டும் இருக்கும், வழக்கமாக மூன்றுக்கு மிகாது. ‘ஆசிரியர்’, ‘சிறுதொழில் உரிமையாளர்’ என்பது போல. அது வேட்பாளர் தனக்குத் தானே எழுதிக்கொள்வது. கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் போடுகிற பட்டம் மாதிரி, பொய் இருக்காது, முழு உண்மையும் இருக்காது. பெயர் வரிசையும் அகரவரிசை இல்லை. எழுத்துகளைக் குலுக்கிப்போட்டு எடுத்து வரிசைப்படுத்துகிறார்கள். முதலில் இருப்பவர் பெரியவர் என்று பொருளே இல்லை.

5. நவம்பரில் போட்டுக்கொள்ளலாம் என்று முதல் கட்டத் தேர்தலை விடாதீர்கள். சூப்பர்வைசர், அசெஸர் போன்ற கவுண்டிப் பதவிகளில் முதல் கட்டத்திலேயே பாதிக்கு மேல் ஓட்டு வாங்கினால் கதை அங்கேயே முடிந்துவிடும். நவம்பர் சீட்டில் அந்தப் பதவியே வராது.

6. நீதிபதிகள் விஷயத்தில் எனக்கு இன்னும் கை நடுங்கும். கவுண்டி நீதிமன்ற நீதிபதிக்கு 6 ஆண்டு. எதிர்த்து யாரும் நிற்காவிட்டால் அவர் பெயர் சீட்டிலேயே வராது. மேல் நீதிமன்ற நீதிபதிகள் என்றால் ‘தொடரட்டுமா, ஆம்/இல்லை’ என்ற கேள்வி மட்டும். தெரியாவிட்டால் விட்டுவிடலாம், தப்பில்லை.

7. பள்ளி வாரியம், தண்ணீர் வாரியம் எல்லாம் சின்னப் பதவி என்று நினைக்க வேண்டாம். பிள்ளையின் பள்ளியை மூடுவதா, எந்த வகுப்பில் எந்தக் கணக்கு என்பதெல்லாம் பள்ளி வாரியத்தின் மேசையில்தான் முடிவாகும். எங்கள் பக்கத்துத் தண்ணீர் வாரியமான ‘வேலி வாட்டர்’ 7 பேர் கொண்டது. அணை, வெள்ளத் தடுப்பு, மொத்த விற்பனைத் தண்ணீரின் விலை எல்லாம் அவர்கள் கையில்.

8. எண் இருந்தால் மாநிலம், எழுத்து இருந்தால் உள்ளூர். ‘ப்ராப் 13’ என்றால் மாநிலம் முழுவதற்கும் கேட்ட கேள்வி. ‘மெஷர் ஏ’ என்றால் உங்கள் கவுண்டி, நகரம் அல்லது பள்ளி வட்டாரத்துக்கு மட்டும். ஒரே ‘மெஷர் ஏ’ வேறு வேறு ஆண்டுகளில் வேறு வேறு விஷயமாக வரும். ஆகவே தோழி வாட்ஸாப்பில் “ஏ-க்கு ஆம் போடு” என்றால், எந்த ஊர், எந்தத் தேர்தல் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

9. கேள்வியைப் படிக்கும்போது, ‘இப்போது என்ன நடைமுறை?’ என்று பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும்தான் கடைப்பிடிப்பேன் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். உள்ளூர்க் கேள்வி 75 சொற்களுக்குள் இருக்க வேண்டும். அந்த 75 சொற்களை எழுதுவது பெரும்பாலும் அந்தத் திட்டத்தை விரும்புகிற அமைப்பேதான். 2022 ஜூனில் எங்கள் தண்ணீர் வாரியம் ஒரு கேள்வி வைத்தது. இயக்குநர்கள் தொடர்ந்து நான்கு முறைக்கு மேல் பதவியில் இருக்கக் கூடாது என்று வரம்பு வைக்கலாமா என்பது அதன் சாரம். வரம்பு நல்லதுதானே என்று யாரும் ‘ஆம்’ போடுவார்கள். ஏற்கெனவே இருந்த வரம்பு மூன்று முறை! கட்டுப்பாடு போல உடுத்திக்கொண்டு வந்தது உண்மையில் நீட்டிப்பு. கேள்வியில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, அதுதான் கெட்டிக்காரத்தனம்.

10. ‘ஆம்’ என்றால் மாற்றம், ‘இல்லை’ என்றால் பழையபடி. பொதுவாக இப்படித்தான், ஆனால் எப்போதும் இல்லை. சட்டமன்றம் போட்ட ஒரு சட்டத்தை எதிர்த்துக் கையெழுத்துத் திரட்டி மக்கள் முன் கொண்டுவந்தால், ‘ஆம்’ என்பது அந்தச் சட்டம் இருக்கட்டும் என்று பொருள். எதிர்ப்பவர் ‘இல்லை’ போட வேண்டும். 2020இல் ஜாமீன் பணம் பற்றிய ப்ராப் 25 இந்த வகை. சட்டம் மக்களால் தள்ளப்பட்டது. பதவி நீக்கத் தேர்தலில் இது தலைகீழ், ‘ஆம்’ என்றால் ஆள் வெளியே. எங்கள் கவுண்டி நீதிபதி ஒருவரே 2018 ஜூனில் அப்படிப் பதவி இழந்தார்.

11. வரிக் கேள்வி வந்தால், ‘பொது’ வரியா, ‘சிறப்பு’ வரியா என்று தேடுங்கள். சிறப்பு வரி என்றால் சொன்ன வேலைக்கு மட்டுமே செலவழிக்க வேண்டும். அதனால் அரசு கொண்டுவரும் சிறப்பு வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு தேவை. பொது வரிக்குப் பாதிக்கு மேல் வந்தால் போதும், ஆனால் பணம் பொதுக் கஜானாவுக்குப் போகும். 2025 நவம்பரில் எங்கள் கவுண்டியில் நிறைவேறிய ‘மெஷர் ஏ’ இப்படிப்பட்ட பொது வரி. டாலருக்கு 8இல் 5 சென்ட், 5 ஆண்டுக்கு. மருத்துவமனைகளைக் காப்பாற்ற என்று பிரச்சாரம் செய்தார்கள். சூப்பர்வைசர்களின் எண்ணமும் அதுவாகவே இருக்கலாம், ஆனால் சட்டப்படி அவர்கள் கை கட்டப்படவில்லை. நம்பி ‘ஆம்’ போடுவது வேறு, கட்டாயம் என்று நினைத்துப் போடுவது வேறு.

வீட்டுக் கணக்கு: 100 டாலருக்கு வாங்கினால் கூடுதலாக 62.5 சென்ட். 40,000 டாலர் கார் என்றால் 250 டாலர். அரிசி, பருப்பு, காய்கறிக்கு இங்கே விற்பனை வரி இல்லை, அதனால் சமையலறை தப்பித்தது.

12. பள்ளிக் கடன் பத்திரம் என்றால் ‘பாண்ட்’. கேள்வியில் பல கோடி டாலர் என்று போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து மிரள வேண்டாம். ‘1,00,000 டாலர் வரி மதிப்புக்கு எத்தனை டாலர்’ என்ற எண்ணைத் தேடுங்கள். 60 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வீட்டின் வரி மதிப்பு 16 லட்சம் டாலர் என்றால் ஆண்டுக்கு 960. பக்கத்து வீட்டுத் தாத்தாவின் வரி மதிப்பு 4 லட்சமாக இருந்தால் அவருக்கு 240தான். இரண்டும் ஒரே மாதிரி வீடாக இருக்கலாம்! 1978இல் வந்த ப்ராப் 13இன்படி, வாங்கிய விலையிலிருந்து வரி மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. முன்னால் வந்து வாங்கியவர் பாக்கியசாலி. எனவே சந்தை விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், சொத்து வரிச் சீட்டில் உள்ள மதிப்பை எடுங்கள். வட்டியோடு மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்ற மதிப்பீடும் வாக்காளர் கையேட்டில் இருக்கும், அதையும் பாருங்கள். வழக்கமாக வரும் பள்ளிப் பத்திரங்களுக்கு 55 சதவீதம் ஓட்டுப் போதும், 2000ஆம் ஆண்டு ப்ராப் 39 செய்த ஏற்பாடு அது.

13. ‘பார்சல் டாக்ஸ்’ என்றால் பெரும்பாலும் மனைக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. பங்களாவுக்கும் சின்ன வீட்டுக்கும் ஒன்றே. எனக்கு இது நியாயமாகப் படுவதில்லை, ஆனாலும் பள்ளிக்கென்றால் போட்டுவிடுவேன். பல பள்ளி வட்டாரங்களில் 65 வயது நிறைந்த வீட்டு உரிமையாளருக்கு விலக்கு உண்டு. தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும். வீடு அப்பா அம்மா பெயரில் இருந்தால் இன்றே பள்ளி வட்டார அலுவலகத்தில் கேளுங்கள்.

14. கையேட்டை முதலிலிருந்து படிக்காதீர்கள், தூக்கம் வரும். கவுண்டி வழக்கறிஞர் எழுதும் நடுநிலை விளக்கம் 500 சொற்களுக்குள் இருக்கும், அதை முதலில் படியுங்கள். பிறகு ஆதரவு, எதிர்ப்பு வாதங்களுக்கு அடியில் யார் கையெழுத்து என்று பாருங்கள். வரியை வழக்கமாக எதிர்க்கும் சங்கம் எதிர்த்தால் அதில் செய்தி இல்லை. அதே சங்கம் ஆதரித்தால், நிமிர்ந்து உட்கார்ந்து படியுங்கள்.

15. எல்லாக் கட்டத்தையும் நிரப்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெற்றாக விட்டதால் மற்ற ஓட்டுகள் செல்லாமல் போகாது. ஆனால் ‘மூன்று பேருக்கு மேல் வேண்டாம்’ என்ற இடத்தில் நான்கு பேரை நிரப்பினால் அந்தப் பதவிக்கான ஓட்டு மட்டும் போய்விடும்.

16. ஆங்கிலம் சிரமமான பெரியவர்கள் வீட்டில் இருந்தால், எங்கள் கவுண்டியில் தமிழ் மாதிரிச் சீட்டைக் கேட்டுப் பெறலாம். அது பார்த்துப் புரிந்துகொள்ள மட்டும், குறியிட வேண்டியது அசல் சீட்டில்தான். வாக்கு மையத்துக்கு உதவிக்கு இரண்டு பேர் வரை கூட்டிப்போகலாம், வேலை கொடுப்பவரும் தொழிற்சங்கத்தாரும் மட்டும் கூடாது. உதவி என்றால் படித்துச் சொல்வது. மாமியாருக்குப் பதிலாக மருமகள் முடிவு செய்வது உதவி ஆகாது!

17. நிரப்பிய சீட்டைத் திருப்பி அனுப்பும் உறையின் மேல் போடும் கையெழுத்து, பதிவில் உள்ள கையெழுத்தோடு ஒத்துப்போக வேண்டும். நம்மவர்களுக்கு இதில்தான் சிக்கல். ஓட்டுநர் உரிமத்தில் இனிஷியலோடு தமிழில் போட்டிருப்போம், உறையில் அவசரத்துக்கு ஆங்கிலத்தில் கிறுக்குவோம். பொருந்தவில்லை என்று கடிதம் வந்தால் தூக்கிப் போடாதீர்கள், சரிசெய்ய வாய்ப்பு உண்டு என்பதைச் சொல்லும் கடிதம் அது. தபால் தலை ஒட்ட வேண்டாம். கடைசி நாள் வரை வைத்திருக்காமல் அதிகாரப்பூர்வப் பெட்டியில் நேரே போட்டுவிடுங்கள்.

18. தேர்தல் முடிந்ததும் கையேட்டைக் குப்பையில் போடாமல் சொத்து வரிச் சீட்டு வைக்கும் அதே இழுப்பறையில் வையுங்கள். அக்டோபர் வாக்கில் வரிச் சீட்டு வரும். முதல் தவணையை டிசம்பர் 10க்குள் கட்ட வேண்டும். கட்டுவதற்கு முன் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: எந்தப் பாண்ட், எந்தப் பார்சல் டாக்ஸ், சொன்ன தொகைதானா. சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கான 7,000 டாலர் கழிவு அந்தச் சீட்டில் இருக்கிறதா என்றும் அப்படியே ஒரு பார்வை. இல்லையென்றால் அசெஸர் அலுவலகத்தில் படிவம் கேளுங்கள், ஆண்டுக்குச் சுமார் 70 டாலர் மிச்சம்.