விளக்கு அவிந்த கோயில்கள்

சிவகங்கை மாவட்டத்திலுள்ள நாட்டரசன்கோட்டை, கண்ணுடைய நாயகி அம்மன் கோயிலாற் புகழ்பெற்ற ஊர். நகரத்தார் பலர் வாணிகத்தின் பொருட்டுப் பர்மா, மலேயா, இலங்கை முதலிய நாடுகளுக்குச் சென்றனர். பிற்காலத்தில் பெருநகரங்களிற் குடியேறினர். ஆயினும், தைப்பொங்கலை அடுத்து வரும் செவ்வாய்க்கிழமையன்று அவ்வூர் நகரத்தார் எங்கிருந்தாலும் வந்து, கோயில் முன்னே ஒன்றுகூடிப் பொங்கலிடுவர். போனவர் திரும்பி வருவதால், அங்கே கோயில் விளக்கு அவியவில்லை.

போனவர் திரும்பாத கோட்டையும் தமிழகத்தில் உண்டு. அது விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி. மூன்று குன்றுகளை நெடுமதிலால் இணைத்து அமைத்த கோட்டை அது. நாயக்க மன்னர் அதனைத் தலைநகராகக் கொண்டு ஆண்டபோது, மதிலுக்குள்ளே அரண்மனையும் நெற்களஞ்சியமும் குளங்களும் பொலிந்தன. இராசகிரியின் உச்சியில் அரங்கநாதர் கோயிலும், அடிவாரத்தில் வேங்கடரமணர் கோயிலும் எழுந்தன. வேங்கடரமணர் கோயிலின் கோபுர வாயிலில் இராமாயணக் காட்சிகளையும் திருமாலின் அவதாரங்களையும் சிற்பிகள் நுணுக்கமாகச் செதுக்கினர்.

வலிமை மிக்க கோட்டையை அடைய விரும்பாத வேந்தர் யார்? 1677-இல் சிவாஜி அதனைக் கைப்பற்றினார். பின்னர் மொகலாயப் படை பல்லாண்டு முற்றுகையிட்டு, 1698-இல் அதனை வென்றது. 1714-இல் தேசிங்குராசன் போரில் மாண்டான். 1750-இல் பிரெஞ்சுக்காரரும் 1761-இல் ஆங்கிலேயரும் அதனைக் கொண்டனர். போர் ஓய்ந்தபின் கோட்டைக்குப் பயன் இல்லாது போயிற்று. காவலர் அகன்றனர், குடிகளும் அகன்றனர். திருவிழா நின்றது, மண்டபத்தில் முட்செடி முளைத்தது. வேங்கடரமணர் கோயிலின் அழகிய கற்றூண்கள் சிலவற்றைப் பிரெஞ்சுக்காரர் பெயர்த்துப் புதுச்சேரிக்குக் கொண்டு சென்றனர். கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சூழ்ந்து நிற்பவை அத்தூண்களே என்பர். காப்பார் இல்லாப் பொருளைக் கவர்வார் பலர் அல்லரோ?

ஆயினும், அக்கோட்டையில் எல்லா விளக்கும் அவிந்துவிடவில்லை. இராசகிரிக்கு ஏறும் வழியிலுள்ள கமலக்கண்ணியம்மனைச் சுற்றுப்புறச் சிற்றூர் மக்கள் மறக்கவில்லை. பேரரசர் எடுத்த பெருங்கோயில் பாழ்பட்டுக் கிடந்த காலத்தும், உழவர் வழிபட்ட சிறுகோயில் உயிரோடிருந்தது.

1921-இல் செஞ்சிக் கோட்டை தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டுத் தொல்பொருள் துறையின் காவலில் வந்தது. 2025-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாகவும் இடம்பெற்றது. எனினும், சட்டமும் வேலியும் மட்டுமே சிற்பங்களைக் காத்துவிட மாட்டா. காண வருவோர் சுவரிற் பெயர் கீறாமலும், சிலையைச் சிதைக்காமலும் இருத்தல் வேண்டும். கல்லை அடுக்கிக் கோயில் எழுப்புவோர் சிற்பியர். அதனை வாழவைப்போர் மக்களே.