பதிவேட்டிற்கு எக்கடிகாரம்?

லினக்ஸ் பணிசெயல் முறைமையின் கருவாகிய கர்னல், கணினியுள் நிகழ்வனவற்றைப் பதிவேட்டில் நேரத்துடன் குறிக்கின்றது. அந்நேரத்தை எக்கடிகாரத்திலிருந்து பெறுவது?

நாளும் மணியும் காட்டும் கடிகாரமே ஏற்றதென நாம் எண்ணுவோம். ஆயின் அது திருத்தத்திற்குட்பட்டது. பின்னோக்கித் திருப்பப்படின், பிந்திய நிகழ்ச்சி முந்தியதாகத் தோன்றும்; காரணமும் காரியமும் இடம் மாறும். அன்றியும், அதன் கணக்குப் புதுப்பிக்கப்படும் கணத்திற் பழுதொன்றைப் பதிய நேரின், கர்னல் முடிவின்றிக் காத்துக் கிடக்கவுங் கூடும்.

ஆதலின் லினக்ஸ், எவ்வேளையிலும் தடையின்றிப் படிக்கத்தக்கதாய், கணினி இயங்கத் தொடங்கியது முதல் நொடிகளை எண்ணும் உட்கடிகாரத்தையே கொள்கின்றது. எனினும், கணினி உறங்குங்கால் அவ்வெண்ணிக்கை நின்றுவிடும். 2 மணி நேரம் உறங்கியெழுந்த கணினியின் பதிவை நாள்மணியாக மாற்றினால், 2 மணி நேரப் பிழை நேரலாம்.

நிகழ்ச்சிகளின் வரிசையை ஒரு கடிகாரமும், உலக நேரத்தைப் பிறிதொன்றும் உரைக்கும். பழுதாராயும் மாணவர், எண்ணை நம்புமுன் அஃது எக்கடிகாரத்தின் எண் என வினவுவாராக.