மனித உரிமைக் கருத்தரங்குகளின் பயன்

கேள்வி: பெரம்பலூர், அரியலூர் மாவட்டக் கல்லூரிகளில் மனித உரிமைக் கருத்தரங்குகள் நடத்துவதால் எளிய மக்களுக்குப் பயன் உண்டா?
ஒரு வாசகர், அரியலூர்

பதில்: உண்டு. 1993ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், ஆய்வை ஊக்குவிப்பதையும் கருத்தரங்குகள் முதலியவற்றின் வழியே உரிமை அறிவைப் பரப்புவதையும் தேசிய மனித உரிமைகள் ஆணையத்தின் கடமைகளாக 12ஆம் பிரிவில் வகுத்துள்ளது; 1997இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மாநில ஆணையத்துக்கும் இவை பொருந்தும்.

ஆயினும், பன்னாட்டு உடன்படிக்கைகளை விளக்குவதோடு நின்றுவிடாமல், மண்ணின் சிக்கல்களைத் தொடும்போதே கருத்தரங்கு முழுமை பெறுகிறது. சிமெண்ட் ஆலைகளும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் நிறைந்த அரியலூரில், நிலம், நீர், தூய காற்று ஆகியவை வாழ்வுரிமையின் கூறுகளாகும். பெரிய சுரங்கத் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வழங்குமுன் பாதிக்கப்படக்கூடிய மக்களின் கருத்தைக் கேட்கும் கூட்டத்தை, 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வலியுறுத்துகிறது. அதற்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பும், வட்டார மொழியில் திட்டச் சுருக்கமும் தேவை. அச்சுருக்கத்தை வாசித்து வினா எழுப்பும் திறனையும், உரிமை மீறல் நிகழ்ந்த ஓராண்டுக்குள் ஆணையத்தில் முறையிட வேண்டும் என்ற செய்தியையும் தமிழில் ஊர்தோறும் கொண்டு சேர்க்கும் கருத்தரங்கே மக்களுக்குரியது.