இரண்டு ஜெனரேட்டர்களை இணைத்து இயக்குதல்

2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னையருகே கரை கடந்தபோது, கீழ்க்கட்டளை, தாம்பரம் முதலிய தென் புறநகர்ப் பகுதிகளிலும் மின்சாரம் நின்றது. அத்தகைய வேளையில் விசைத்தறிக்கும் பம்பு செட்டுக்கும் டீசல் ஜெனரேட்டரே துணை. ஒன்று போதாவிடில் இரண்டை இணைத்து ஓட்டலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. இணைக்கலாம், ஆனால், முறையறிந்து இணைத்தல் வேண்டும்.

ஒரு நுகத்தில் பூட்டிய மாடுகள் ஒத்த நடையில் சென்றாலன்றி ஏர் நேராகச் செல்லாது. ஜெனரேட்டர்களும் அத்தகையனவே. இணைப்புச் சுவிட்சை மூடுமுன் நான்கு பொருத்தங்கள் அமைதல் வேண்டும்.

1. இரண்டின் வோல்ட் அளவும் சமமாயிருத்தல்.

2. அதிர்வெண் ஒத்திருத்தல். நம் நாட்டில் இது 50 ஹெர்ட்ஸ். நான்கு துருவ இயந்திரமாயின் நிமிடத்திற்கு 1,500 சுற்று.

3. மூன்று பேஸ்களின் வரிசை ஒன்றாயிருத்தல்.

4. இரண்டின் மின்அலைகளும் ஒரே கணத்தில் ஏறி, ஒரே கணத்தில் இறங்குதல்.

இவற்றுள் ஒன்று தவறினும், சுவிட்சை மூடிய கணத்தில் பெரும் மின்னோட்டம் பாயும், சுருள்கள் கருகும், இயந்திரத் தண்டு முறியவும் கூடும்.

பொருத்தம் அறிய எளிய கருவி விளக்கே. சுவிட்சின் இரு புறத்திலுமுள்ள ஒத்த பேஸ்களுக்கிடையே, பேஸ் ஒன்றுக்கு இரண்டு 230 வோல்ட் இழை விளக்குகளைத் தொடராக அமைப்பர். எல்.இ.டி. விளக்கு இதற்கு உதவாது. மூன்று பேஸ் விளக்குகளும் ஒருசேர எரிந்து ஒருசேர அணைந்தால் வரிசை சரி. ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தால் வரிசை தவறு. வேகத்தைச் சீர்செய்து, விளக்குகள் மிக மெதுவாக மங்கும் நிலைக்குக் கொணர்ந்து, இருள் வேளையின் நடுவில் சுவிட்சை மூடுதல் வேண்டும். சிறிதளவு மின்னழுத்தத்தில் விளக்கு ஒளிராது. ஆதலின் வோல்ட்மீட்டரையும் பார்த்தல் நன்று. இணைந்தபின் கவர்னரைத் திருத்திச் சுமையைப் பகிர வேண்டும். இன்றேல் ஓர் இயந்திரம் மற்றதனை மோட்டாராக்கி இழுக்கும். இவ்வேலை உரிமம் பெற்ற மின்பணியாளருக்கே உரியது.

இவ்விதியே நாட்டின் மின்தொகுப்புக்கும் பொருந்தும். தென்மாநிலங்களின் தொகுப்பு, 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடத்தின் வழியே நாட்டின் ஏனைய தொகுப்புடன் ஒத்திசைக்கப்பட்டது.

அனுமதியின்றி நம் ஜெனரேட்டரை ஊர் மின்கம்பியுடன் ஒருபோதும் இணைத்தல் ஆகாது. மின்தடையின்போது நம் மின்சாரம் வெளியே கசிந்தால், தெருமுனை டிரான்ஸ்பார்மர் அதனை 11,000 வோல்ட்டாக உயர்த்திவிடும். கம்பியில் மின்சாரம் இல்லையென நம்பிக் கம்பத்தில் ஏறிய தொழிலாளியின் உயிர் அதனால் போகும். ஆகவே, ஊர் மின்சாரமும் ஜெனரேட்டரும் ஒருங்கே சேர இடந்தராத சேஞ்சோவர் சுவிட்ச் ஒவ்வொரு கூடத்திலும் இருத்தல் வேண்டும்.

இணைப்புக்குரிய கருவிகள் இல்லாத சங்கங்களுக்கு எளிய வழி ஒன்றுண்டு. சுமையைப் பிரித்து, தறிகளுக்கு ஓர் இயந்திரம், பம்புக்கு மற்றோர் இயந்திரம் எனத் தனித்தனியே ஓட்டுக. வேலையும் நடக்கும், உயிருக்கும் ஊறு நேராது.