கடவுளுக்குச் சேரவேண்டிய வண்டி

கேள்வி: ஐயா, நான் சட்டக் கல்லூரி மாணவி. விபத்து இழப்பீடு தொடர்பான பழைய ஆங்கிலத் தீர்ப்புகளைப் படிக்கும்போது ‘டியோடண்ட்’ என்ற சொல் வந்தது. வியர்வை நாற்றத்துக்கு அடித்துக்கொள்ளும் டியோடரண்டைத்தான் தப்பாக அச்சடித்துவிட்டார்களோ என்று நினைத்தேன். என்னிடம் உள்ள அகராதியில் இது இல்லை. பொருள் என்ன? ஏன் வழக்கொழிந்தது?

பதில்: அச்சுப்பிழை இல்லை அம்மா. லத்தீனில் ‘டியோ டாண்டும்’ என்றால் கடவுளுக்குக் கொடுக்கவேண்டியது. அதுதான் ஒட்டித் தேய்ந்து இப்படி ஆனது. ஒரு மனிதனின் சாவுக்குக் காரணமான பொருளை இங்கிலாந்தின் சட்டம் இந்தப் பெயரால் அழைத்தது. மாடு முட்டிச் செத்தால் மாடு, வண்டி ஏறிச் செத்தால் வண்டி. உடைமைக்காரர் மேல் குற்றம் உண்டா என்ற கேள்வியே கிடையாது. பொருள்தான் பறிமுதல்.

பெயரில்தான் கடவுள் இருந்தார். பொருள் போனது அரசனுக்கு. அவன் அதைத் தானதர்மத்துக்குச் செலவிடுவான் என்று வைத்துக்கொண்டார்கள். போகப்போக அது இன்னொரு வரும்படி ஆகிவிட்டது. அந்த உரிமையைப் பண்ணைப் பிரபுக்களுக்கு எழுதிக்கொடுப்பதும் நடந்தது.

இதற்குள் எத்தனை நுணுக்கம் பார்த்தார்கள் என்பதுதான் எனக்குச் சுவையான பகுதி. 18ஆம் நூற்றாண்டின் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் விளக்குகிறார்: நிற்கிற வண்டியின் சக்கரத்தில் ஏறி, தவறி விழுந்து ஒருவன் செத்தால் சக்கரம் மட்டும் பறிமுதல். ஓடுகிற வண்டியின் சக்கரம் அவன் மேல் ஏறினால் வண்டியும் போகும், அதிலுள்ள சுமையும் போகும்; அவற்றின் பாரமும் சேர்ந்துதானே அழுத்தியது? கடலில் நேர்ந்த சாவுக்கு இந்தச் சட்டம் செல்லாது. ஆற்றில் நேர்ந்தால் செல்லும்.

கொரோனர் என்ற மரண விசாரணை அதிகாரியின் முன் ஜூரிகள் உட்கார்ந்து பொருளுக்கு விலை போடுவார்கள். உடைமைக்காரர் அந்தப் பணத்தைக் கட்டிவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போகலாம். ஜூரிகளும் அதே ஊர்க்காரர்கள்; பக்கத்து வீட்டுக்காரனின் குதிரைக்கு மனசாட்சிப்படியா விலை போடுவார்கள்? ஒரு ஷில்லிங் என்று எழுதிக் கையெழுத்திட்டுவிடுவார்கள். இப்படிப் பல்லில்லாமல் கிடந்ததால்தான் இந்தச் சட்டம் அத்தனை நூற்றாண்டுகள் தாக்குப்பிடித்தது என்பேன்.

பல் முளைத்தது ரயில் வந்தபிறகு. 1841 டிசம்பர் 24 அன்று, ரெடிங் நகருக்கு அருகே சானிங் என்ற இடத்தில், மழையில் சரிந்து தண்டவாளத்தை மூடிய மண்ணில் ஒரு சரக்கு ரயில் மோதியது. கூரையில்லாத மூன்றாம் வகுப்புப் பெட்டிகளை எஞ்சினுக்கும் சரக்குப் பெட்டிகளுக்கும் நடுவில் கோத்திருந்தார்கள். பின்னாலிருந்த பாரம் நெரித்து எட்டுப் பேர் அங்கேயே இறந்தார்கள். பயணிகளில் பலர் லண்டனில் நாடாளுமன்றக் கட்டடம் கட்டிக்கொண்டிருந்த தொழிலாளர்கள், கிறிஸ்துமஸுக்கு ஊர் திரும்பியவர்கள். இந்த முறை ஜூரிகள் போட்ட விலை 1,000 பவுண்டு. ரயில் கம்பெனி பக்கத்து வீட்டுக்காரன் இல்லையே.

ஆனால் இந்தப் பணத்திலும் செத்தவர் வீட்டுக்கு உரிமையாக ஒரு பென்னிகூடக் கிடையாது. வேறு வழக்கும் போடமுடியாது. 1808இல் பேக்கர் – போல்டன் வழக்கில் நீதிபதி எல்லன்பரோ, ஒருவரின் மரணத்துக்காக உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்க வழியில்லை என்று சொல்லிவிட்டார். கோச்சு வண்டி கவிழ்ந்து அடிபட்ட பேக்கரின் மனைவி சுமார் ஒரு மாதம் உயிரோடிருந்து இறந்தார். அந்த ஒரு மாதத் துணையை இழந்ததற்கு மட்டுமே கணவருக்குப் பணம். விபத்து செய்கிறவனுக்கு, ஆள் பிழைப்பதைவிடச் செத்தால் செலவு குறைவு என்ற கணக்கு இது.

1846இல் இரண்டு சட்டங்கள் கைகோத்து வந்தன. ஒன்று டியோடண்டை ஒழித்தது. மற்றொன்று, இறந்தவரின் மனைவி, கணவர், பெற்றோர், பிள்ளைகள் இழப்பீடு கேட்கலாம் என்றது. கேம்ப்பெல் பிரபு சட்டம் என்று உங்கள் பாடப்புத்தகத்தில் வருவது இதுதான். அதைப் பார்த்து எழுதிய 1855ஆம் ஆண்டின் மரண விபத்துகள் சட்டம் இந்தியாவில் இன்னும் அமலில் இருக்கிறது. ரயில் முதலாளிகளின் நெருக்கடி இல்லாவிட்டால் அந்தப் பழஞ்சட்டம் அவ்வளவு சீக்கிரம் போயிருக்காது. ஆனாலும் அது போனதில் எனக்கு வருத்தம் இல்லை.

சொல்தான் போனது. பொருளையே பிரதிவாதியாக்கும் வழக்கம் போகவில்லை. 1974இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கஞ்சா பிடிபட்ட ஓர் உல்லாசப் படகைப் பறிமுதல் செய்தது செல்லும் என்று தீர்ப்பளித்தது. படகை வாடகைக்கு விட்ட கம்பெனிக்கு எதுவும் தெரியாது. நீதிபதி பிரென்னன் அந்தத் தீர்ப்பில் டியோடண்டின் வரலாற்றை விரிவாகவே சொல்லியிருக்கிறார். நீங்கள் படிக்கும் தீர்ப்பு எந்த ஆண்டு என்று பாருங்கள். 1846க்கு முந்தைய இங்கிலாந்துத் தீர்ப்பு என்றால் அங்கே இந்தச் சொல் நடைமுறைச் சட்டம். பிந்தையது என்றால் பெரும்பாலும் வரலாற்றுக் குறிப்பு.