வீட்டு மின்சாரத்தில் திரீ பேஸ் மோட்டர்: இணைக்க முன் பாருங்கள்

ஊர் திரும்பிப் பட்டறையையோ அரைக்கும் மில்லையோ மீண்டும் தொடங்கும் குடும்பங்கள் கவனிக்க: மாத்தளைப் பகுதி வீடுகளுக்குப் பொதுவாகக் கிடைப்பது 230 வோல்ற்று சிங்கிள் பேஸ் மின்சாரம். திரீ பேஸ் மோட்டரை அதில் நேரடியாக இணைத்தால் அது சுழலாது. உறுமிச் சூடாகி எரிந்துவிடும்.

முதலில் மோட்டரின் தகட்டைப் படியுங்கள்.

1. 230/400 வோல்ற்று என்றிருந்தால் டெல்டா முறைக்கு மாற்றி, கப்பாசிற்றர் சேர்த்து ஓட்டலாம். 1 குதிரைவலுவுக்குச் சுமார் 50 மைக்ரோபரட் தேவை. ஆனால் வலு ஏறக்குறைய மூன்றில் இரண்டாகக் குறையும். தொடக்க இழுவையும் குறைவு. சாணைக்கல், துளையிடும் இயந்திரத்துக்குப் போதும். சுமையோடு தொடங்கும் மில்லுக்குப் பொருந்தாது.

2. அத்தகைய மில்லுக்கு, சிங்கிள் பேஸ் வாங்கித் திரீ பேஸ் தரும் இன்வேர்ட்டர் நல்லது. விலை கூட, மோட்டர் கெடாது.

3. 400/690 என்றிருந்தால் இவ்வழிகளில் பணம் செலவிடாதீர்கள். சிங்கிள் பேஸ் மோட்டர் மாற்றுவதே மலிவு.

வீட்டு இணைப்பு பெரும்பாலும் 30 அம்பியர்தான். 3 குதிரைவலுவுக்கு மேல் வேண்டுமானால் திரீ பேஸ் இணைப்புக்கு விண்ணப்பியுங்கள்.

நீண்டகாலம் கிடந்த, நனைந்த மோட்டரை உலர்த்தி, மின்கசிவு சோதித்த பின்பே ஓட்டுங்கள். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் கப்பாசிற்றர் அதிர்ச்சி தரும்; தொடாதீர்கள். புவித்தொடுப்பும் ட்ரிப் சுவிட்சும் கட்டாயம். இணைப்பு வேலையைத் தகுதிபெற்ற மின்னியலாளரிடமே கொடுங்கள்.